முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை

சக்கர நாற்காலிக்குப் பிரேக் போட மறந்துவிட்டேன். ஆரம்பம் என்று பார்த்தால் அவ்வளவுதான் சார்.

கட்டிலில் கிடக்கிறவரைத் தூக்கி நாற்காலிக்கு மாற்றும்போது முதலில் இரண்டு பக்கமும் பிரேக்கை அழுத்த வேண்டும். எங்கள் நர்சிங் உதவியாளர் வகுப்பில் முதல் நாள் பாடமே அதுதான். முதல் நாள் நான் போகவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. போயிருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து, டீச்சருக்குப் பின்னால் தொங்கிய எலும்புக்கூட்டுக்குப் பெயர் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் பார்த்துக்கொண்ட நோயாளி சங்கரசுப்பு அண்ணாச்சியின் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கி, அரைவட்டம் சுற்றி, "சிம்மாசனம் தயார், எழுந்தருளணும்" என்று இறக்கினேன். சிம்மாசனம் பின்னால் உருண்டுபோய்ப் பீரோவில் முட்டிக்கொண்டது. நான் தரையில், என் மேல் அண்ணாச்சி. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் நான்தான் மெத்தை. வேலை போயிற்று என்று நினைத்தபடி கிடந்தேன். அப்போது என் நெஞ்சின் மேல் ஒரு குலுக்கல் தெரிந்தது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். கோணிப்போன வாய் இன்னும் கோண, கண்ணில் தண்ணீர் வடிய, எச்சில் என் சட்டையில் ஒழுக, நிறுத்த முடியாமல் சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் முகத்தில் யாரும் பார்க்காத சிரிப்பு. சத்தம் கேட்டு ஓடிவந்த மதினி, அதாவது அவர் சம்சாரம் கோமதித்தாய், புருஷன் விழுந்ததைப் பார்த்து அழவில்லை. சிரித்ததைப் பார்த்து அழுதார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் மற்றதெல்லாம் செய்தேன்.

உங்கள் ஸ்டேஷனில் யாரும் புகார் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பாவம், மகாராஜாவுக்கு விவரம் பத்தாது என்று அந்த வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆமாம், என் பெயர் மகாராஜா. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு அடுத்தவர் மலச்சட்டியைக் கழுவிப் பிழைக்கிறவன் வேடிக்கையாகப் பேசக் கற்றுக்கொள்ளாமல் முடியாது. ஆனால் எனக்கு விவரம் பத்தும் சார். அதைச் சொல்லத்தான் நானாக வந்திருக்கிறேன். டீ வேண்டாம். சொல்லி முடித்த பிறகு நீங்களே எனக்குத் தரமாட்டீர்கள்.

நான் குருவிகுளம் பக்கம். சின்ன வயதிலிருந்தே குரல் மாற்றிப் பேசுவேன். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கோயில் கொடையில் மேடையேறக்கூடச் செய்தேன். இரண்டாவது ஜோக்கில் பொம்பளையாட்கள் எழுந்து பிள்ளைகளை ஒன்றுக்கு விடக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்ததில் மைக்செட்காரரே இரக்கப்பட்டு மைக்கை அணைத்துவிட்டார். "ஏலே, எறங்குலே, கரகாட்டக்காரி நின்னு நின்னு கால் கடுக்குங்கா" என்று கமிட்டிக்காரர் ஒருவர் சொன்னதற்குக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்று ராத்திரி மொத்தத்தில் அந்த ஒரு சிரிப்புதான் விழுந்தது, அதுவும் அவருக்கு. அதன் பிறகு வகுப்பில் சேர்ந்தேன், ஒரு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தேன். வார்டில் நோயாளிகள் சிரிக்க மாட்டார்கள், வலி. கூட இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், கவலை. நர்சம்மாக்கள் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், என் பேச்சுக்கு இல்லை.

இந்த நிலைமையில்தான் சங்கரசுப்பு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். விசைத்தறி ஷெட் வைத்து நடத்தியவர். வீட்டை ஒட்டியே ஷெட். அவர் கட்டில் கிடந்த அறையின் ஜன்னல் ஷெட்டுக்குள்தான் திறக்கும். பகலெல்லாம் தறிச்சத்தம்; அதற்கு மேலே குரலெழுப்பித்தான் அந்த வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. நாக்கில் மிச்சம் நின்றது ஒரே வார்த்தை: "சரி." பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றாலும் சரி. வலித்தாலும் சரிதான். பக்கவாதம் வந்த சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் மாட்டிக்கொண்டு நிற்குமாம். உடற்பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பாத்திமா ஹனா சொன்னாள்.

அந்தப் பிள்ளை ஸ்கூட்டியில் வந்து இறங்கினால் வீடே நிமிர்ந்துவிடும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பலகையை வைத்து, பாதம் தொங்கிவிடாமல் அதில் ஊன்றவைத்தாள். படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை வாங்கிப் போடச் சொன்னாள். வாக்கரைப் பிடிக்கவைத்து நிற்கப் பழக்கினாள். எனக்கும் பாடம் எடுத்தாள்.

"அண்ணே, முழங்காலுக்குக் கீழ மட்டும் தலையணை வச்சிராதீங்க. அவுங்களுக்கு சொகமாத்தான் இருக்கும். ஆனா கால் அப்படியே மடங்கி நின்னுரும். பொறவு நிமித்த முடியாது."

"எனக்குத் தெரியாதா? நான் முறையாப் படிச்சவம்மா."

"படிச்ச ஆளு மாதிரி தெரியலியே. பிரேக் போடாத டிரைவர்லா நீங்க."

அண்ணாச்சி சிரித்தார். மதினியும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"இதே வேகத்துல போனா ஆடித்தபசுக்கு அவுங்கள தெற்கு ரத வீதில நிக்க வச்சிரலாம்மா" என்று மதினியிடம் சொன்னாள். மதினி அப்போதே வடக்குப் பார்த்து, கோபுரம் இருக்கிற திசைக்குக் கைகூப்பி, அந்த ஆடித் திருவிழாவில் அவிய சொந்தக் காலில் நின்று அம்மனின் தபசுக் காட்சியைப் பார்க்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. ஹனா முழங்காலை மடக்கி நீட்டும்போது அண்ணாச்சிக்கு வலிக்கும். வலிக்கும்போதும் சிரிப்பார்.

"ஏம்மா, வலிக்கையிலயும் சிரிக்காவளே?"

"அது நரம்புண்ணே. மூளையில அடிபட்ட எடத்தப் பொறுத்து, அழுகை வரவேண்டிய நேரத்துல சிரிப்பு வந்துரும். அவுங்க கையில இல்ல."

"அப்ப நான் சொல்லுத ஜோக்குக்குச் சிரிக்கிறது?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்."

படித்தவர்களின் பதில் இப்படித்தான் இருக்கும். மதினியைக் கேட்டேன். "ஒன்னக் கண்டாத்தானய்யா அவிய மொகமே தெளியுது" என்றார். அதுவும் பதில் இல்லை, உபசாரம். பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டரைக் கேட்டேன். "நல்ல விஷயம்தானே, வச்சுக்கோ" என்றார், ஏதோ சில்லறையைக் கையில் திணிப்பது போல. அண்ணாச்சியையே கேட்டேன்: "எனக்காகத்தானே சிரிக்கிய?" அவர் "சரி" என்றார். நான் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு மதியம் மலச்சட்டியைக் கழுவிவிட்டு அறைக்குள் வருகிறேன், கட்டிலில் ஆள் இல்லை. ஷெட்டில் ஒரு தறியின் சத்தம் குறைந்திருந்தது. எங்கேயோ இழை அறுந்து தறி நின்றிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது தெரியவில்லை, எல்லாத் தறியும் எனக்கு ஒரே இரைச்சல்தான். அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கையை அடுத்த கம்பிக்கு மாற்றி, வலது காலைத் தரையோடு இழுத்து, ஒரு எட்டு வைத்தார். பிறகு இன்னொன்று. வாக்கர் இல்லை, ஹனா இல்லை, நான் இல்லை. சுவரைப் பிடித்தபடி ஷெட்டுக்குப் போகிற கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

என் காலடி கேட்டுத் திரும்பினார். நான் பார்த்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அது ஒரு முதலாளியின் முகம். நின்றுபோன தறியையும் அதன் முன்னால் சும்மா நிற்கும் ஆளையும் தவிர வேறெதுவும் அந்த முகத்தில் இல்லை. என்னை ஒரு நாற்காலியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வித்தை காட்டுதியளா அண்ணாச்சி? டிக்கெட் உண்டா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நடக்கிறவர் சிரிக்கவில்லை. எனக்கு முதலில் பட்டது அதுதான்.

"விழுந்திருவிய, வாங்க" என்று முழங்கையைப் பிடித்துத் திருப்பினேன். ஒரு கணம் அவர் கை கம்பியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன், மென்மையாக. கட்டிலில் படுக்கவைத்து, பக்கத்துக் கம்பித் தடுப்புகளை உயர்த்திப் பூட்டினேன். பிறகு பீரோவிலிருந்து ஒரு தலையணை எடுத்து, நல்ல இலவம்பஞ்சுத் தலையணை, அவர் இரண்டு முழங்காலுக்கும் கீழே செருகினேன். உடம்பு தளர்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"சொகமா இருக்கா அண்ணாச்சி?"

"சரி."

மாலையில் மதினி வாசலில் நின்று கேட்டார். "இன்னைக்கு எப்படிய்யா இருந்தாவ?"

"அசையவே இல்ல மதினி. ஆனா நல்லாச் சிரிச்சாவ."

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாமே சுகத்துக்காகச் செய்ததுதான். பட்டியல் போட்டால் தாய்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டாள். கால்மாட்டுப் பலகை பிணப்பெட்டியை ஞாபகப்படுத்துகிறது என்று எடுத்துவிட்டேன். காற்று மெத்தையின் மோட்டார் வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். நான் சொல்கிற கதையில் சிரிப்பு வருகிற இடத்தில் அந்தச் சத்தம் குறுக்கே வந்தது, அணைத்துவிட்டேன். ஷெட் பக்கத்து ஜன்னலைச் சாத்தி டி.வி.யைப் போட்டேன், தறி நின்றால் அவருக்குத் தெரியாமல் இருக்க. ஹனாவிடம், வீட்டில் பயிற்சியை நிறுத்தச் சொல்கிறார்கள், சொல்லக் கூச்சப்படுகிறார்கள், நீயாக வராமல் இருந்துவிட்டால் மரியாதை என்றேன். மதினியிடம், ஹனா கல்யாணமாகி மேலப்பாளையம் போய்விட்டாள், இனிப் பயிற்சியை நானே கொடுப்பேன் என்றேன். "எங்கள்ட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளே அந்தப் பிள்ள" என்று மதினிக்கு வருத்தம். நான்தான் ஆறுதல் சொன்னேன்.

மனஅழுத்தம் என்று எங்களுக்கு ஒரு பாடம் உண்டு சார். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மனஅழுத்தம் வரும், அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் வரும், இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசிச் சிரிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்வார். மற்ற பாடங்களில் நான் எப்படியோ, இந்தப் பாடத்தை எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டினேன். காலையில் கதவைத் திறந்ததும் ஒரு ஜோக். உடம்பு துடைக்கும்போது ஒன்று. கஞ்சி ஊட்டும்போது வேண்டாம், புரையேறும். அந்த விவரமும் எனக்கு இருந்தது. கரிவலத்து மேடையில் மிச்சமிருந்த அத்தனையையும் அவருக்குச் சொன்னேன். ஒரு நாள்கூட அவர் என்னைக் கைவிடவில்லை. நான் கதவைத் திறந்தாலே, வாயைத் திறக்கும் முன்பே, சிரிக்க ஆரம்பித்துவிடுவார். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் நீங்களும் எழுந்து போக விடமாட்டீர்கள்.

முழங்கால் மடங்கிக்கொண்டே வந்தது. முதலில் தலையணையை எடுத்தால் நீளும். பிறகு பாதிதான் நீளும். பிறகு தலையணைக்கு வேலையே இல்லை, கால் அதன் போக்கில் அந்தரத்தில் மடங்கி நின்றது. பாதம் இரண்டும் கீழ்நோக்கித் தொங்கின, தூக்கில் போட்ட கோழிக்குப் போல. துடைக்கும்போது எனக்கு அதைத் தொட அருவருப்பாக இருக்கும். நானே செய்த பண்டத்தை நானே தின்னப் பிடிக்காத சமையல்காரன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் பிரேமலதா சென்னையில் ஒரு ஆபீஸில் இருக்கிறாள். தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். நோயாளியை எப்படி உட்காரவைப்பது, எந்தப் பக்கம் சாய்ப்பது, எங்கே அணை கொடுப்பது என்று நான் படித்ததெல்லாம் அந்த நேரத்தில்தான் உதவியது. தலைமாட்டை உயர்த்தி, முதுகுக்கு ஒன்று, விழுந்த தோளுக்கு ஒன்று என்று தலையணை கொடுத்து, போர்வையை இடுப்புவரை இழுத்து, இடது கன்னம் தெரிகிற மாதிரி போனைப் பிடிப்பேன்.

"அப்பா, நல்லாருக்கியளா?"

"சரி."

"பயிற்சி செய்தியளா?"

"சரி." உடனே ஒரு சிரிப்பு.

"மகாராஜாண்ணே, நீங்க மட்டும் இல்லன்னா எங்கப்பா இப்படி இருப்பாவளா?" என்று அந்தப் பிள்ளை கண் கலங்கும். இருந்திருக்க மாட்டார்தான். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

புண் வால் எலும்புக்கு மேலே ஆரம்பித்தது. முதலில் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம், என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மணிக்கணக்கில் மல்லாக்கப் போடாமல் பக்கம் மாற்றி ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஒருக்களித்தால் அவர் முகம் சுவரைப் பார்த்திருக்கும். சுவரைப் பார்த்திருப்பவரிடம் என்ன ஜோக் சொல்வது? மல்லாக்கவே விட்டேன்.

தோல் உரிந்தது. பிறகு குழி விழுந்தது. நாற்றத்தைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது? மூடிய டிபன் பாக்ஸில் மறந்துவிட்ட மீன்குழம்பை யோசித்துக்கொள்ளுங்கள். அது சூடாக இருக்கிறது, மூச்சு விடுகிறது, உங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. மூக்கில் விக்ஸ் தடவிக்கொண்டு வேலை செய்தேன். சாம்பிராணி போட்டேன். சாம்பிராணியோடு சேர்ந்து அது இன்னும் கேவலமாக, ஏதோ பூஜையறையில் எலி செத்த மாதிரி ஆயிற்று. சோற்றில் கை வைத்தால் விரலிலிருந்து அந்த வாடை வரும். குளித்தாலும் வரும். எனக்குப் புண்ணின் மேல் அருவருப்பு, அந்தக் கட்டிலின் மேல், என் நகக்கண்ணின் மேல் அருவருப்பு. அவர் சிரிப்பின் மேல் மட்டும் இல்லை.

மதினியை உள்ளே விடவில்லை. "தொத்து வந்திரும் மதினி, ஷெட்டுப் பஞ்சோட வாரிய, அவியளுக்கு ஆவாது" என்றால் வாசலோடு நின்றுவிடுவார். "வாடை அடிக்கே?" என்பார். "டயபர் மதினி" என்பேன். இது ஒரு பெரிய வசதி. மனிதர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களும் அப்படித்தான். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கிடுதான், பாவம்" என்று என்னைப் புகழ்ந்துவிட்டு, முன்னறையில் உட்கார்ந்து மிக்சர் தின்பார்கள்.

ஆடித்தபசு வந்தது. மதினி தனியாகப் போனார். வீதியில் வெடிச்சத்தமும் கொட்டும் கேட்டன. அண்ணாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கன ஒத்தக்கால்ல தவம் நிக்கா அம்மன், இங்கன ரெண்டு காலையும் மடக்கிட்டுத் தவம் கிடக்கிய நீங்க" என்றேன். சிரித்தார். மதினி திரும்பி வரும்போது கோயில் புற்றுமண் கொண்டுவந்தார். தோலில் எது வந்தாலும் இந்த ஊரில் அதைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவார்கள், உங்களுக்கும் தெரியும். "முதுகுல லேசா செவந்திருக்குன்னியே, இதப் பூசி விடுய்யா" என்று வாசலில் நின்று நீட்டினார். வேண்டாம் மதினி, அது சிவப்பில்லை, அதற்குள் என் கட்டைவிரல் முழுசாகப் போகிறது என்று நான் சொல்லியிருந்தால் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். "குடுங்க மதினி" என்று வாங்கிக்கொண்டேன்.

மதினி பூசச் சொன்னதுதான். நான் அந்தக் குழியில் திணித்தேன். கசிவை உறிஞ்சிக்கொண்டது, வாடை கொஞ்சம் அடங்கியது, மேலே ஒரு துணியை ஒட்டினால் மூடி போட்ட மாதிரி ஆயிற்று. சாமி மேல் ஒரு பழியும் இல்லை சார். மண், மண்ணாகத்தான் இருந்தது. திணித்தவன் நான்.

அதன் பிறகு ஒரு காலையில் துணியை எடுத்தபோது, மண் அசைந்தது.

மண் அசையாது. குனிந்து பார்த்தேன். வெள்ளையாக, சோற்றுப் பருக்கை அளவில், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. பின்வாசலுக்குப் போய் முருங்கைமரத்தடியில் வாந்தியெடுத்தேன். வாய் கொப்பளித்தேன். முகம் கழுவினேன். உள்ளே வந்து, துணியைப் பழையபடி ஒட்டி, அவரை மல்லாக்கத் திருப்பினேன். என்னைப் பார்த்ததும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். ஒரு ஜோக் சொன்னேன். எது என்று ஞாபகமில்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

நான் அகப்பட்டது பஜாரில். நான் அங்கே இல்லை. மதினி மார்க்கெட்டில் வெங்காயம் பார்த்துக்கொண்டு நிற்க, ஹனா எதிரில் வந்திருக்கிறாள்.

"எப்பம்மா மேலப்பாளையத்துலருந்து வந்த? மாப்பிள எப்படி?"

"எந்த மாப்பிள்ளம்மா? எங்க வாப்பா பாத்துக்கிட்டுல்லா இருக்காங்க. நீங்கதான வரவேண்டாம்னுட்டிய?"

வெங்காயம் அங்கேயே கிடக்க இரண்டு பேரும் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்கள். தொத்து வந்துவிடும் என்றேன். ஹனா என்னை விலக்கிவிட்டு உள்ளே போனாள். போர்வையை எடுத்தாள். முழங்காலைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள், வளைந்த மரக்கிளையைப் போல நிமிரவில்லை. அவரை மெல்ல ஒருக்களித்துத் துணியை உரித்தாள். மதினி எட்டிப் பார்த்துவிட்டு, நான் சாத்திவைத்திருந்த ஷெட் ஜன்னலைப் போய்த் திறந்தார். அண்ணாச்சி சுவரைப் பார்த்தபடி குலுங்கிக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்குத் தெரியும்லாண்ணே?" என்றாள் ஹனா. சத்தம் போடவில்லை.

"எனக்கு என்னம்மா தெரியும்? படிச்ச ஆளு மாதிரி தெரியலன்னு நீதான சொன்ன."

அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் போடத் தொடங்கிவிட்டாள். கல்யாணத்தைப் பற்றி யாரோ தப்பாகச் சொன்னதை நம்பிவிட்டேன், நான் ஏதோ சொன்னதை ஹனாவும் வரவேண்டாம் என்று தப்பாக எடுத்துக்கொண்டாள் என்று மதினியிடம் அழுதேன். அழுகை உண்மையாகவே வந்தது. "அவனுக்கு வெவரம் பத்தல, நாமதான் பாத்திருக்கணும்" என்று மதினி பிரேமலதாவிடம் போனில் சொன்னது என் காதுபடத்தான். அவர்கள் அதை நம்பினார்கள். நான் வேறு ஒரு வீட்டில் வேலை கேட்டுப் போய்க்கூடப் பேசிவிட்டேன்.

இன்று காலை திருநெல்வேலிக்குப் போனேன், ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்க. சாத்துக்குடி வாங்கிக்கொண்டேன். உயிருக்குப் பயமில்லை, சதையெடுத்து வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கால் இனி நிமிராது, நிற்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மதினி மருந்து வாங்கப் போயிருந்தார். பிரேமலதா பக்கத்தில் இருந்தாள். அங்கே பேச்சுப்பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வருகிறார்களாம். தண்ணி, போதும், அம்மா என்று ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது என்றாள். இப்போது எதற்கெடுத்தாலும் சரி என்பதில்லையாம்.

என்னைக் கண்டதும் அண்ணாச்சிக்குத் தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வர, வாய் கோண, அதே சிரிப்பு.

"பாத்தியளாண்ணே, ஒங்களக் கண்டதும் எப்படிச் சிரிக்காவன்னு" என்றாள் பிரேமலதா. "இங்க வந்து இத்தன நாள்ல ஒரு தடவ சிரிக்கல."

எனக்கு மனது நிறைந்துவிட்டது சார். மறைக்க மாட்டேன். செய்த அத்தனைக்கும் பிறகு, இந்த ஒன்று நிஜம் என்று தோன்றியது. ஒரு மனிதனைச் சந்தோஷமாக வைத்திருந்தேன், அதற்காகக் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன், அவ்வளவுதான். கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் காது பக்கம் குனிந்தேன்.

"அண்ணாச்சி, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. நரம்புங்காவ, பழக்கம்ங்காவ. இப்பத்தான் ஒங்களுக்குப் பேச்சு வந்துட்டே, நீங்களே சொல்லுங்க. என்னப் பாத்தா மட்டும் ஏன் சிரிக்கிய?"

அவர் உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. வழக்கம்போல நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். இடது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். சிரிப்பு இன்னும் அவரைக் குலுக்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து, நடந்த அன்று பார்த்தாரே, அந்தக் கண்ணால் என்னைப் பார்த்து, பல்லைக் கடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளி வெளியே போட்டார்.

"பயம்."